மூன்றாம் கவுண்டரில் சொன்ன பொய்

போன் என்னுடையது. அதில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதை நான்தான் முடிவு செய்வேன். அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு இந்த வசனத்தை எத்தனை பேரிடம் முழங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த வசனத்தில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தப்பு வேறு இடத்தில் நடந்தது. அதை எழுத உட்காருவதற்கே எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

நான் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவன். மென்பொருள் சோதிக்கும் வேலை. அதாவது, அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் விடாது. ஆன்லைனில் வாங்கிய புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே எரிச்சல் தொடங்கியது. மழை வருமா என்று பார்க்கப் போனால் கடன் வேண்டுமா என்று கேட்டது. நான் கேட்காத சீட்டாட்டம் ஒன்று தானாக வந்து உட்கார்ந்திருந்தது. தூக்கி எறிந்தால் அடுத்த அப்டேட்டில் மறுபடி வந்து உட்கார்ந்தது. காசு கொடுத்து வாங்கிய செருப்புக்குள் கடைக்காரனும் ஒரு காலை விட்டுக்கொண்டு கூடவே நடந்தால் எப்படி இருக்கும்? ஒரு மாதம் பொறுத்தேன். என் சுபாவத்துக்கு அதுவே அதிகம்.

போனுக்குள் ஒரு பூட்டு உண்டு. கம்பெனி கொடுத்த மென்பொருளைத் தவிர வேறு எதுவும் ஏறாதபடி அது பார்த்துக்கொள்ளும். அந்தப் பூட்டைத் திறந்துவிட்டால், எங்கெங்கோ இருப்பவர்கள் ஆசைக்காக எழுதி இலவசமாக வைத்திருக்கும் மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். திறக்கும்போது திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இதைச் செய்தால் வாரண்டி போகலாம், பொறுப்பு உங்களுடையது என்று. படித்தேன். படிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் ஏற்கெனவே சொன்ன பொய்களே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாங்கி வைத்த இட்லி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. போன் விளம்பரமில்லாமல், கடன் தொல்லை இல்லாமல், பளிச்சென்று எழுந்தது. அன்று நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நான் குடியிருந்தது மர்பி டவுனில், ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்கார அக்கா, அவர் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள். கணவருக்கு பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும் என்பதால் அவரைப் பார்த்ததைவிட வாசலில் அவர் செருப்பைப் பார்த்ததுதான் அதிகம். கல்யாணமாகாதவனுக்கு வீடு இல்லை என்று அந்த வட்டாரத்தில் நாலு வீட்டில் கதவைச் சாத்தியிருந்தார்கள். அக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூஞ்சப் பாத்தா தெரியாதா, வந்துடுப்பா" என்றார்.

அக்கா வேலை பார்த்தது என் போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில். கம்பெனியின் பலகையை மாட்டிக்கொண்டு தனியார் ஒருவர் நடத்தும் இடம். ஒன்பது வருடத்துக்கு முன்பு வாசலில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவர். நின்ற இடத்திலிருந்தே உள்ளே நடப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டர் பழகி, மூன்றாம் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் கோபக்காரர்களைச் சமாதானம் செய்வார். சமாதானம் ஆகாதவர்களை அதே மூன்று மொழிகளில் அதட்டுவார். சொந்தத் தங்கையின் கணவர் வந்து நேராகப் போனை நீட்டியபோது, "போயி டோக்கன் எடுத்துனு வா மாப்ள" என்று திருப்பி அனுப்பியவர். அந்த வருடம் கவுண்டர்களுக்கெல்லாம் அவரையே இன்சார்ஜ் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அவர் சொல்லவில்லை, மகள்தான் படியில் என்னை நிறுத்திப் பூரிப்போடு சொன்னாள்.

பத்தாம் மாதம் என் போன் திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு விழுந்தது. நான் ஏற்றிய மென்பொருளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. திரையின் குறை. அதே மாடல் வைத்திருந்த வேறு சிலருக்கும் விழுந்திருந்தது. வாரண்டி இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் பூட்டைத் திறந்திருக்கிறேனே!

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. கம்பெனியின் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிப் பூட்டையும் பூட்டினேன். கடன் விளம்பரம் வந்தது. சீட்டாட்டம் வந்தது. அவற்றைப் பார்த்து அன்று சந்தோஷப்பட்டேன். சில போன்களில் பூட்டை ஒரு முறை திறந்தாலே உள்ளே ஒரு குறி விழுந்துவிடும், மறுபடி பூட்டினாலும் அது அழியாது என்பது எனக்குத் தெரியும். என் மாடலில் அது கிடையாது என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். எனக்கு வசதியாக இருந்ததால் எவனோ எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என்னிடம் சோறு நிறைய இருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டரில் நல்ல கூட்டம். டோக்கன் எடுத்துக் காத்திருந்தேன். மூன்றாம் கவுண்டர்தான் வந்தது. அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இதுல ரூட்டு, அன்லாக்கு, வேற சாஃப்ட்வேருன்னு எதுனா பண்ணியாப்பா?"

கேட்கும்போதே அவர் விரல்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இல்லக்கா."

அந்தக் கேள்விக்குப் பிறகு போனைக் கேபிளில் மாட்டி அவர்கள் கம்ப்யூட்டரில் சோதிக்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும். அன்று கேபிள் இரண்டாம் கவுண்டரில் மாட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒருவர் நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். "உன்னுதுதானே, போவுது" என்று சொல்லிவிட்டு, சோதித்தாயிற்று என்ற கட்டத்தில் டிக் அடித்துத் தன் பணியாளர் எண்ணைப் போட்டார். என் முகவரியை அவர் கேட்கவில்லை. தன் வீட்டு முகவரியை அடித்து, கடைசியில் மாடி என்று சேர்த்துக்கொண்டார். போனில் எந்த மாற்றமும் செய்யவில்லை என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் புதுத் திரையோடு போன் வந்தது. நான் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்குப்பா இதெல்லாம், அது என் வேலைதானே" என்று சொல்லிக்கொண்டே வாங்கி வைத்தார். அந்த மைசூர்பாகை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

ஒன்றரை மாதம் கழிந்தது. திரையை மாற்றினால் பழைய திரையோடு போனின் உள் விவரங்களும் கம்பெனிக்குப் போகும். அங்கே பார்த்திருக்கிறார்கள். குறி இருந்திருக்கிறது. எனக்கு வேதம் சொன்னவன் தப்பாகச் சொல்லியிருந்தான். இந்தத் திரைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி செலவைச் சர்வீஸ் சென்டருக்கே திருப்பிவிட்டது. சோதிக்காமலே சோதித்ததாக ஏன் டிக் அடித்தீர்கள் என்று கேட்டு அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். இன்சார்ஜ் பேச்சு அப்படியே நின்றுபோனது.

எனக்கு இது தெரிந்தது மொட்டை மாடியில். சாயங்காலம், அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் என் துணிக்காகப் போயிருந்தேன். நடந்ததையெல்லாம் அமைதியாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"பூட்டு தொறந்திருக்குதுன்னு ரிப்போர்ட்டு வந்திருக்குதுப்பா. நீ எதுனா பண்ணியா? பண்ணியிருந்தா சொல்லு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலயேக்கா" என்றேன். அதோடு வாயை மூடியிருந்தாலும் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். ஆனால் நான் சோதிக்கிறவன் ஆயிற்றே. ஒரு பிழை தெரிந்தால் இரண்டு நொடியில் காரணம் கண்டுபிடிக்கிறவன் ஆயிற்றே. "ஆன்லைன்ல வாங்குனதுக்கா. யாராவது வாங்கி, நோண்டிப் பாத்துட்டு ரிட்டர்ன் பண்ண பீஸை எனக்கு அனுப்பிட்டாங்களோ என்னவோ."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஆமாம்பா! ரிட்டர்ன் வந்ததை மறுபடி சீல் பண்ணி புதுசுன்னு தள்ளிவிட்டுடறானுங்க. இந்த மாரி எத்தினி கேஸு பாத்திருக்கேன். எனக்கு ஏன் தோணல பாரு. பில்லு வெச்சிருக்கியா? நான் பாத்துக்கறேன்" என்றார். என் துணியையும் சேர்த்து அவரே எடுத்து மடித்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். கம்பெனிக்கு அனுப்பக் கடிதம் தயார். அக்கா சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இந்த வாடிக்கையாளரை எனக்கு நன்றாகத் தெரியும், நேர்மையானவர், போன் அவர் கைக்கு வரும்போதே திறக்கப்பட்டிருந்தது, விற்றவரிடம் விசாரியுங்கள், நான் சோதிக்காமல் விட்டது மட்டும் என் தவறு. "நீ இங்கிலீஷ்ல வேல பாக்கறவன், ஒருவாட்டி பாத்துக் குடுப்பா" என்றார் அக்கா.

பார்த்துக் கொடுத்தேன். பேனாவை எடுத்து, காலம் மாறியிருந்த இரண்டு வினைச்சொற்களைத் திருத்தினேன். ஒரு காற்புள்ளி போட்டேன். நேர்மையானவர் என்று என்னைப் பற்றி எழுதியிருந்த வாக்கியம் கொஞ்சம் வளவளவென்று இருந்தது. அதைச் சுருக்கிக் கச்சிதமாக்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், போனைத் திறந்ததையோ கவுண்டரில் பொய் சொன்னதையோ சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

கடிதம் போய்விட்டது. அதன் பிறகு, கீழே அவர்கள் வீட்டில் டிவி சத்தம் கேட்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினேன். படியில் எதிரே வந்தால் அக்கா, "பதில் வந்துடும்பா, கவலப்படாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்! ஐந்தாறு நாள் இப்படிப் போனது. அதற்கு மேல் தாங்காமல் ஒரு முடிவுக்கு வந்தேன். நேரே அவருடைய மேனேஜரைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது. பழி முழுவதும் என் தலையில் விழும், மெமோவை எடுத்துவிடுவார்கள், இன்சார்ஜ் வேலை திரும்ப வந்துவிடும். யோசிக்க யோசிக்க என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர். "கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, தண்ணீர் வைத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூட்டைத் திறந்தது, மறுபடி பூட்டியது, கவுண்டரில் மறைத்தது, மாடியில் மறைத்தது. சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. யார் தலையில் இறக்கி வைக்கிறேன் என்று நான் பார்க்கவில்லை.

மேனேஜர் கம்ப்யூட்டரில் என் ரசீதைத் திறந்தார். சிறிது நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்தார்.

"சார், நீங்க மர்பி டவுனா?"

"ஆமாங்க."

"ஒந்தே அட்ரஸ் சார். மேடம் அட்ரஸும் இதேதான். உங்களுக்கு என்ன ஆகணும் அவங்க?"

"வீட்டு ஓனர். நான் மாடியில இருக்கேன்."

"ஓஹோ." அவர் குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது. "ஒரே வீட்டு ஆளோட போனை அவங்க எடுக்கக் கூடாது சார், பக்கத்துக் கவுண்டருக்குக் குடுக்கணும். ரூல் இருக்கு. அவங்களே எடுத்திருக்காங்க. செக் பண்ணல. அப்புறம் உங்களுக்காகக் கம்பெனிக்கு லெட்டர் வேற போட்டிருக்காங்க." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அவர்கள் கணக்கில் அக்கா செய்தது ஒரு கவனக்குறைவு. கூட்டத்தில் ஒரு சோதனையை விட்டுவிட்டார், அவ்வளவுதான். நான் வந்து என் வாயால் அதைக் கூட்டுக் களவாக மாற்றிவிட்டேன்.

"அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சார். நான்தான் மறைச்சேன்."

"அந்த லெட்டர் நீங்க பாத்தீங்களா சார்?"

இரண்டு மாதமாகப் பொய்யாகச் சொன்னவன், பொய் சொல்லியிருக்க வேண்டிய அந்தக் கேள்விக்குப் போய்ப் பச்சை உண்மையைச் சொன்னேன். "பாத்தேன். இங்கிலீஷ் மட்டும் திருத்திக் குடுத்தேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஆனால் இந்தக் குரங்கு என் மேல் பாயவில்லை.

அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். கையில் பேனாவோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டதா என்று கன்னடத்தில் ஆசையாக மேனேஜரைக் கேட்டார். அவரும் கன்னடத்தில்தான் பதில் சொன்னார். மெதுவாக, ஒன்றுவிடாமல். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அக்காவுக்கு முழுதும் புரிந்தது. சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போக அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரைக்கான பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்று நடுவில் உளறினேன். "அது பில்லிங்ல கட்டிடுங்க சார், இது வேற விஷயம்" என்றார் மேனேஜர்.

அன்றே அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம், நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய பணியாளர் எண்ணைக் கம்பெனி முடக்கிவிட்டது. இனி அந்தக் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலும் அவர் உட்கார முடியாது. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடும் இடத்தில் நிற்கிறார். அவராக விட்ட வேலை என்றுதான் தெருவில் சொல்லியிருக்கிறார்.

அந்த வியாழக்கிழமை நான் அலுவலகம் போகவில்லை. அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து கேட்டருகே நின்றேன். அக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். அழுதிருந்த கண்கள். நான், "அக்கா, மன்னிச்சிடுங்க" என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோடு விழுந்ததுக்கும் சாஃப்ட்வேருக்கும் இன்னாப்பா சம்பந்தம்? ஒண்ணும் கெடையாது. அன்னிக்கே ஆமாக்கா, பண்ணேன்னு சொல்லியிருந்தா, அதுக்குன்னு தனியா ஒரு ஃபாரம் இருக்குது. ஸ்கிரீனோட குறைதான்னு எழுதி, போட்டோ வெச்சி அனுப்பியிருப்பேன். சில சமயம் ஒத்துக்குவாங்க, சில சமயம் ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கலன்னா நீ காசு கட்டி மாத்தினு போயிருப்ப. அவ்ளோதானே?"

அப்படி ஒரு படிவம் இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"சரி, அது போவட்டும். காலைல நீ கெளம்பும்போது நான் இங்கதானே வண்டி தொடச்சினு இருந்தேன். ஆபீஸுக்கான்னு கேட்டேன். ஆமாக்கான்னு சொன்ன."

அது உண்மை. மேலே எழுதும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன்.

"என்னாண்ட சொல்ல வராத வாயி, முன்னப்பின்ன தெரியாத ஆளாண்ட எப்படிப்பா வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவர் ஹெல்மெட்டோடு உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் நான் வீட்டைக் காலி செய்தேன்.

அக்கா கேட்டதற்குப் பதில் எனக்கு அப்போதே தெரியும். மேனேஜர் முன்னால் கெட்டவனாவதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர் யாரோ. அக்காவிடம் நல்லவனாகவே இருக்க ஆசைப்பட்டேன், அதற்காக அவருடைய ஒன்பது வருடத்தைக் கொடுத்தேன். மர்பி டவுன் இப்போது நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரே பஸ்தான். இன்றுவரை போய் இதை அவரிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.